ஹவாய் செருப்பும் அடமானப் பத்திரமும்

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்றார் பிரதமர். உடான் திட்டத்தின் தாரக மந்திரமே அதுதான். கை தட்டினோம். செருப்பு போட்ட கால்களும் ஏறத்தான் செய்தன. அதற்கும் முன்பே ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றது. அந்தக் கதையைப் படமாக எடுத்து, சூர்யாவை நடிக்க வைத்து, நம்மை அழவும் வைத்தார்கள். ஆக, இந்த நாட்டில் விமானத்தின் பின்பக்கம் உட்கார ஒரு ரூபாய் போதும் என்றிருந்த காலம் உண்டு. முன்பக்கம் உட்கார இன்றைய விலை ஏறக்குறைய ஒரு கோடி. பின்பக்கத்துக்கு அரசு மானியம். முன்பக்கத்துக்கு அப்பாவின் வீட்டுப் பத்திரம்.

செருப்பு போட்டவர் ஏறலாம். அவர் மகன் ஓட்ட ஆசைப்படக் கூடாது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். வணிக விமானி உரிமம் வாங்க, அதாவது சிபிஎல் வாங்க, பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சி விமானம் ஒரு மணி நேரம் பறக்கப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது. நிமிடத்துக்கு 250 ரூபாய். இன்ஜின் ஓடத் தொடங்கினால் மீட்டரும் ஓடத் தொடங்கும். "பொறு, பெரிய விமானம் இறங்குகிறது" என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓடுதள ஓரத்தில் நிறுத்தி வைக்கிறதே, அந்தப் பத்து நிமிடத்துக்கும் பையன்தான் பணம் கட்டுகிறான். பெரிய விமானத்தில் வருகிறவருக்கு மானியம். அவருக்கு வழிவிட்டு நிற்பவனுக்கு பில்.

பறப்பதற்கு மட்டுமே முப்பது, நாற்பது லட்சம். வகுப்பு, விடுதி, தேர்வு, மருத்துவச் சோதனை, இரட்டை இன்ஜின் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஐம்பது, அறுபது. சரி, உரிமம் கைக்கு வந்தாயிற்று. வேலை? அதற்கு ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்தை ஓட்டத் தனியாக 'டைப் ரேட்டிங்' வாங்க வேண்டும். இன்னும் பதினைந்து, இருபது லட்சம். விமான நிறுவனங்களே கைகோத்து நடத்தும் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் மொத்தமாக ஒரு கோடியை எட்டும். அரசுப் பள்ளி கிடையாதா என்று கேட்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில், ஃபுர்சத்கஞ்சில், இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. மத்திய அரசின் சொந்தப் பள்ளி. அங்கும் நாற்பது லட்சத்துக்கு மேல். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் இதய அறுவை சிகிச்சை வரை போகலாம். அரசு விமானப் பள்ளியில் அந்தப் பணத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டாது.

யாருக்கும் தேவைப்படாத படிப்பு என்றால், போகட்டும், பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஒரே கையெழுத்தில் 500. நாளிதழ்களில் முதல் பக்கம். உலகமே வாய் பிளந்தது என்று எழுதினார்கள். அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் வேண்டும் என்கிறார் விமானப் போக்குவரத்து அமைச்சர். 2023ல் இந்தியா வழங்கிய சிபிஎல் உரிமங்கள் 1,622. அதையே சாதனை என்று அறிவித்தார்கள்.

விமானம் வாங்கக் கடன் கொடுக்க அயர்லாந்திலிருந்து குத்தகை நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. அதை ஓட்டப் போகிறவனுக்குக் கடன் கொடுக்க நம்மூர் வங்கிக் கிளை யோசிக்கிறது.

யோசிப்பதை நேரில் பார்த்தேன். சேலம் பக்கம் எனக்குத் தெரிந்த விசைத்தறிக்காரர் ஒருவர். நான்கு தறி. பையன் பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு. கமலாபுரம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி வந்த பிறகு அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தலைக்கு மேலே சின்ன விமானம் சுற்றுவதைப் பார்க்கிறார்கள். இவனும் அண்ணாந்து பார்த்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். அப்பா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார், வங்கிக்குப் போக.

"என்ன கோர்ஸ் தம்பி?"

"பைலட் சார்."

மேலாளர் பையனைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு அப்பாவின் சட்டையைப் பார்த்தார்.

"சொத்து என்னங்க இருக்குது?"

"வீடு இருக்குதுங்க சார். தறிக் கொட்டாயும் சேர்த்து."

"கிரயப் பத்திரமா, நத்தம் பட்டாவா?"

"நத்தம் பட்டாதானுங்க."

"வழிகாட்டி மதிப்புப் பார்த்தா பத்து, பன்னெண்டுக்கு மேல வராதே. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம பார்க்கலாம். அதுக்கு மேல போகணும்னா வேற சொத்து வேணுமுங்க. உங்க சிபில் ஸ்கோரும் பார்க்கணும். தறிக்கு வாங்கின லோன் ஒண்ணு ரெண்டு மாசம் தவறியிருக்குதே."

ஏழரை லட்சத்துக்கு ஐம்பது மணி நேரம் பறக்கலாம். தேவை இருநூறு. கால் பைலட் ஆகலாம். கால் பைலட்டை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் இன்னும் தொடங்கப்படவில்லை.

அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார். மேலாளருக்கே பாவமாகிவிட்டது போல. கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"ட்ரோன் பைலட் கோர்ஸ் இருக்குது தம்பி. அதுவும் பைலட்தானே? கவர்மெண்டே அதைத்தான் தூக்கிப் பிடிக்குது. லோன் தொகையும் கம்மி. உடனே ஆயிரும்."

"அதுல எங்கீங்க சார் உக்கார்றது?" என்றார் அப்பா.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

மேலாளர் மேல் எனக்குக் கோபமில்லை. நாளைக்குக் கடன் வாராக்கடன் ஆனால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கோபமெல்லாம் அவர் மேசையில் இருக்கும் சுற்றறிக்கையை எழுதியவர்கள் மேல்தான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் விமானி பயிற்சி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நர்சிங் இருக்கிறது, கப்பல் படிப்பு இருக்கிறது, பைலட்டும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாரும் பறக்கலாம். ஏழரை லட்சத்தைத் தாண்டியதும் அதே காகிதம் சொத்து ஜாமீன் கேட்கும். நர்சிங் படிப்பு அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். விமானி பயிற்சி அந்தக் கோட்டை ஐம்பதாவது மணி நேரத்திலேயே தாண்டிவிடும். இது கோடு போட்டவர்களுக்குத் தெரியாதா? தெரியும். திட்டத்தில் பெயரும் இருக்க வேண்டும், பணமும் போகக் கூடாது. அதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

2024 நவம்பரில் பிஎம் வித்யாலக்ஷ்மி வந்தது. ஜாமீனே வேண்டாம், சொத்தே வேண்டாம் என்றார்கள். பையன் துள்ளிக் குதித்தான். கீழே படித்தால், தேசியத் தரவரிசைப் பட்டியலில் இடம் பிடித்த 860 உயர்கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு மட்டும். விமானப் பயிற்சிப் பள்ளி அந்தத் தரவரிசையிலேயே கிடையாது. அது இருப்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பட்டியலில். டிஜிசிஏவின் பட்டியல் இந்தத் திட்டத்துக்குச் செல்லாது. ஒரு அமைச்சகம் அங்கீகரித்த பள்ளியை இன்னொரு அமைச்சகத்துக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டும் இருப்பது ஒரே டெல்லியில்தான்.

பட்டியலினத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதிலும் சிபிஎல் பெயர் இருக்கிறது. சேர்த்தவருக்கு ஒரு கும்பிடு. நிபந்தனை, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் இருபதாயிரத்து எண்ணூறு. அந்தக் குடும்பம் முதலில் பள்ளிக்கு முன்பணம் கட்ட வேண்டும். முன்பணம் வராமல் எந்தப் பயிற்சிப் பள்ளியும் இன்ஜினைத் தட்டாது. மாத வருமானம் இருபத்தோராயிரம் ஆகிவிட்டால் அவர் அரசின் கண்ணில் வசதி படைத்தவர். உதவித்தொகைக்கு அதிகப் பணக்காரர். வங்கிக்கு அதிக ஏழை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள்தான் நாட்டில் பெரும்பான்மை என்பது ஒரு சின்ன விவரம்.

வெறும் கையோடு அனுப்பவில்லை என்று வாதாடலாம். நம் தாட்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேபின் பணிக்கான பயிற்சியைத் தன் செலவில் கொடுக்கிறது. நல்ல திட்டம். மாதச் சம்பளம் வரும் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. தேநீர்த் தட்டை ஏந்திக் கொண்டு போய் விமானி அறைக் கதவைத் தட்டும் வரைக்கும் அரசு கூட வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்காரக் கேட்டால் ஏன் திரும்பிப் போய்விடுகிறது?

பணம் இல்லை என்பார்கள். அது பொய் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உடானையே எடுத்துக்கொள்வோம். நஷ்டம் வந்தால் ஈடுகட்டித் தருகிறேன், நீ ஓட்டு என்று விமான நிறுவனங்களுக்கு அரசு சொன்ன திட்டம் அது. 2023ல் தணிக்கைத் துறைத் தலைவர் கணக்கைத் திறந்து பார்த்தார். மூன்றாவது சுற்று வரை ஒப்படைக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. சலுகைக் காலம் முடிந்த பிறகும் தாக்குப்பிடித்தவை 54. நூற்றுக்கு ஏழு. பிளஸ் டூவில் ஏழு மார்க் எடுத்த பையனுக்கு விமானப் பள்ளியின் வாசலில் கூட நிற்க இடம் கிடையாது. ஏழு மார்க் எடுத்த திட்டத்தை இன்னும் பத்து ஆண்டு நீட்டிக்கலாம் என்று பேசுகிறார்கள். சேலத்தையே பாருங்கள். 1993ல் திறந்த நிலையம். பல ஆண்டுகள் விமானமே வராமல் கிடந்தது. உடானில் 2018ல் ஒரு நிறுவனம் வந்தது, 2021ல் போய்விட்டது. 2023ல்தான் மறுபடி சத்தம் கேட்டது. அந்த ஓடுதளத்தைக் காத்து நின்ற காலத்தில் அதே ஊரில் எத்தனை பிள்ளைகள் பறக்கக் கற்றிருக்கலாம்!

தலைவர்கள் பறக்க 2020ல் இரண்டு போயிங் 777 வந்தன. ஏவுகணைத் தடுப்பு, உள்ளேயே கூட்ட அறை. மொத்தச் செலவு சுமார் 8,400 கோடி என்று அப்போது செய்தி. ஒருவருக்கு அறுபது லட்சம் என்று வைத்தால் 14,000 விமானிகளைப் பயிற்றுவிக்கும் பணம். அமைச்சர் கேட்ட முப்பதாயிரத்தில் ஏறக்குறைய பாதி. பிரதமருக்குப் பாதுகாப்பான விமானம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் 8,400 கோடியைக் கேள்வி கேட்காமல் கையெழுத்திடும் அதே அரசாங்கம், ஐம்பது லட்சத்துக்கு நத்தம் பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதே, அந்த வெட்கங்கெட்ட சிக்கனத்தைத்தான் சொல்கிறேன். டெல்லியை மட்டும் திட்டினால் நியாயமில்லை. தமிழக அரசு முதல்வர்களுக்காக வாங்கிய ஹெலிகாப்டர் ஒன்று, பறக்க ஆளில்லாமல் மீனம்பாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றது. நின்ற இடத்திலேயே தேய்ந்தது. பயன்படுத்தாத எந்திரத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. பயன்படத் தயாராக இருக்கும் பையனுக்குக் கிடையாது.

இது என்றைக்கும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஃப்ளையிங் கிளப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது. நாட்டைச் சுரண்ட வந்தவன், பறக்கக் கற்றுக் கொடுக்க மானியம் வைத்தான். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து காட்டும் முதல் இந்தியனுக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். 1930ல் அதை வென்றவர் ஆஸ்பி இன்ஜினியர். அப்போது அவருக்கு வயது பதினேழு. போட்டியில் எதிர்த்திசையில் பறந்து வந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. எகிப்தில் ஆஸ்பியின் விமானம் ஸ்பார்க் ப்ளக் இல்லாமல் நின்றபோது, தன்னிடமிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார் டாடா. பரிசும் பையனுக்கே போயிற்று. அந்தப் பையன் பிற்பாடு இந்திய விமானப் படைக்கே தளபதி ஆனார். பணக்கார வீட்டுப் பிள்ளை போட்டியாளனுக்கு ப்ளக் கொடுத்த நாடு இது. இன்றைய விமான முதலாளி ப்ளக்கைக் கொடுப்பார். பில்லோடு.

சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் கிளப்புகளுக்கு மானியம் இருந்தது. குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை பறந்துவிட்டு வந்தான். அப்போது நாடு ஏழை. நாடு உலகின் மூன்றாவது பெரிய உள்நாட்டு விமானச் சந்தை ஆன பிறகுதான் கையை விரித்துவிட்டது.

கனவு காணுங்கள் என்று கலாம் சொன்னதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கலாமே விமானி ஆக ஆசைப்பட்டவர்தான். டேராடூனில் விமானப் படைத் தேர்வு. இடம் எட்டு. அவர் ஒன்பதாவது. அதற்கு முன்பு சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா நகையை அடகு வைத்துக் கொடுத்தார். கலாம் தோற்றது மதிப்பெண் பட்டியலில். அது கௌரவமான தோல்வி. இன்றைக்குப் பையன்கள் தோற்பது சொத்துப் பட்டியலில். அக்காவின் வளையலை இன்று அடகு வைத்தால் ஒரு வாரப் பறத்தலுக்கு ஆகும். மிச்சத்துக்கு அக்காவின் வீட்டையும் கேட்பார்கள். இந்த லட்சணத்தில் கனவு காணச் சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எவ்வளவு லட்சத்துக்குள் காண வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, எப்படியோ பணம் புரட்டியாயிற்று. கந்துவட்டி, சித்தப்பாவின் நிலம், மாமாவின் ஓய்வூதியப் பணம். இனிமேல்தான் கூத்து. கோவையிலும் சென்னையிலும் நட்சத்திர ஓட்டலில் 'பைலட் ஆகலாம் வாங்க' கருத்தரங்கு நடக்கும். வாசலில் தொப்பி கொடுப்பார்கள். தோளில் நான்கு பட்டை போட்ட ஒருவர் மேடையில் நின்று பதினைந்து மாதத்தில் உரிமம் என்பார். அப்பா தலையாட்டுவார். பள்ளிக்குப் போனால் விமானம் ஒன்று உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும். இன்னொன்றுக்குப் பயிற்றுநர் இல்லை. மழை, பனி, வெயில், விஐபி வருகை. பதினைந்து மாதம் இரண்டு ஆண்டாகும், மூன்று ஆண்டாகும். விடுதிக் கட்டணம் மட்டும் தேதி தவறாது. 2025ல் டிஜிசிஏ முதன்முறையாக இந்தப் பள்ளிகளுக்குத் தரவரிசை போட்டது. உச்சியில் இருந்த இரண்டு படிகளில் நாட்டின் ஒரு பள்ளி கூட இல்லை. ஐம்பது லட்சம் வாங்கும்போது மட்டும் எல்லாருமே முதல் தரம்.

2011ல் வேறொரு குறுக்குவழி அம்பலமானது. போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் பிடிபட்டார்கள். பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த கதைகளும் வந்தன. இயக்குநரகத்திலேயே கைது நடந்தது. படிப்புக்குக் கடன் கிடைக்காத நாட்டில் சான்றிதழ் கிடைத்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

உள்நாட்டுப் பயிற்சி விமானம் செய்தால் செலவு குறையுமே என்று கேட்கலாம். செய்தோமே. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் ஹன்ஸா என்ற இரண்டு இருக்கை விமானத்தை உருவாக்கியது. முதலில் பறந்தது 1993ல். சில கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள், அத்தோடு சரி. அதன் புதிய வடிவம் 2021ல் பறந்தது. தனியார் தயாரிக்கப் போகிறார்கள் என்று 2025லும் விழா நடந்தது. ஒரு சின்ன விமானம் ஆய்வகத்திலிருந்து ஓடுதளத்துக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல். பிள்ளைகள் அமெரிக்காவின் செஸ்னாவிலும் ஆஸ்திரியாவின் டைமண்டிலும் பழகுகிறார்கள். பயிற்சி விமானத்துக்கான பெட்ரோலைக் கூட 2022 வரை முழுக்க இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம். டாலர் ஏறினால் சேலத்துப் பையனின் பில்லும் ஏறும்.

கேரளத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு திருநம்பியின் விமானப் பயிற்சிச் செலவை மாநில அரசே ஏற்றது. நாடே பாராட்டியது. பிறகு மருத்துவச் சோதனை. ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டித் தகுதியில்லை என்றார்கள். ஒரு அரசு பணத்தைக் கொடுத்துக் கையைப் பிடித்து ஏற்றியது, இன்னொரு அரசு காலைப் பிடித்து இறக்கியது. 2022ல் விவகாரம் பத்திரிகைகளில் வெடித்த பிறகுதான் புதிய வழிகாட்டுதல் வந்தது. பணம் கிடைத்த அபூர்வமான ஒருவருக்கே இந்தக் கதி.

உரிமம் வாங்கியவன் கதை என்ன? வங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு பொறுக்கும். ஐம்பது லட்சத்துக்குப் பதினொரு விழுக்காடு என்று வைத்தால் வட்டி மட்டும் மாதம் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல். வேலை கிடைக்கும் வரை ஆண்டுதோறும் மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், பறக்கும் பழக்கத்தை விட்டுவிடாமல் காட்ட வேண்டும். அதற்கும் காசு. நிறுவனங்கள் அனுபவம் கேட்கும். வேலை கொடுத்தால்தானே அனுபவம்? வேலை கிடைத்தவனை விடவும் மாட்டார்கள். 2017 முதல் கேப்டன் விலக வேண்டுமானால் ஓராண்டு, துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பொதுநலனாம். விமானி வெளியேறினால் நாட்டுக்கே பாதிப்பாம். அவன் நுழைய முடியாமல் வாசலில் நின்றபோது இந்தப் பொதுநலன் எங்கே போயிருந்தது?

2025 டிசம்பரில் அந்தப் பொதுநலனை எல்லாரும் பார்த்தோம். விமானிகளுக்குப் போதிய ஓய்வு தர வேண்டும் என்ற புதிய விதி வந்தது. தேதி முன்பே தெரியும். நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனம் அதற்குத் தேவையான ஆளைத் தயார் செய்து வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. நிலையங்களில் மணப்பெண்கள், நோயாளிகள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், இறந்த வீட்டுக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். டிஜிசிஏ உடனே களத்தில் இறங்கியது. நிறுவனத்தைச் சாட்டையால் அடிக்கும் என்று எதிர்பார்த்தோம். ஓய்வு விதியைத் தளர்த்தியது. ஆள் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து, இருக்கிற ஆளைத் தூங்க விடாமல் செய்வது.

இன்னொரு மருந்தும் கையிருப்பில் உண்டு. வெளிநாட்டு விமானிகளுக்குத் தற்காலிக அனுமதி. அவர்களுக்குச் சம்பளம் டாலரில். நம் பிள்ளைகள் உரிமம் வாங்க அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் டாலர் கட்டிப் போகிறார்கள். இங்கே ஓட்ட டாலர் கொடுத்து அங்கிருந்து ஆள் கூப்பிடுகிறோம். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குச் சம்பளம் ரூபாயில்தான் கொடுக்கிறோம் என்பது ஒன்றே ஆறுதல்.

இவ்வளவு எழுதியும் வழி சொல்லவில்லை என்று குறைப்படுவார்கள். சிக்கலான வழியெல்லாம் வேண்டாம். 30,000 பேர் வேண்டும் என்று மேடையில் சொன்னது அமைச்சர். 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது இரண்டு நிறுவனங்கள். ஓட்ட ஆள் வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இவர்கள். வங்கி கேட்பது ஒரு ஜாமீன். தகுதித் தேர்வு வையுங்கள், தேறியவனை எடுங்கள், அவன் கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் விசைத்தறிக்காரருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முப்பதாயிரம் உண்மை என்றால் இதில் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

அமைச்சரின் கார் அந்த வங்கி வாசலில் நிற்க இடமுண்டு. பேனாவும் மேலாளர் மேசையிலேயே இருக்கிறது, நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள்.